பழைய மாக் டெஸ்ட், புதிய சிலபஸ்: உங்கள் ஆப்பில் இருக்கும் கேள்விக்கு ‘எக்ஸ்பயரி டேட்’ உண்டா?

தமிழ்நாட்டில் மொத்தம் எத்தனை மாநகராட்சிகள்?

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகும் எவரும் ஒரு தடவையாவது டிக் அடித்திருக்கும் கேள்வி இது. 2020-ல் தயாரான மாக் டெஸ்ட் என்றால் விடை 15. தாம்பரம், காஞ்சிபுரம், கரூர், கும்பகோணம், கடலூர், சிவகாசி ஆகிய ஆறும் 2021-ல் சேர்ந்த பிறகு விடை 21. 2024 ஆகஸ்ட்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய நான்கு நகராட்சிகள் தரம் உயர்ந்தன. இப்போது விடை 25.

காரைக்குடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து போனில் டெஸ்ட் எழுதும் ஒருவர் ‘25’ என்று தொடுகிறார், ஸ்க்ரீனில் ‘தவறு, சரியான விடை 21’ என்று சிவப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். விடையே அவருடைய ஊர் என்பதால் ஏமாற மாட்டார்.

ஆனால், அடுத்த கேள்வி தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள் எத்தனை என்பதாக இருந்தால்? 2022 கடைசியில் 14. 2024 ஜனவரியில் 16. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 18. ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் 2025 பிப்ரவரியில் சேர்ந்தபோது 20. ஆப்பில் ‘14’ என்று பச்சை டிக் விழுந்தால், பெரும்பாலானவர்கள் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அரசுத் தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் தயாராவது பெரும்பாலும் போனுக்குள் வந்துவிட்டது. ‘டெஸ்ட் பேட்ச்’, ‘10,000 கேள்விகள்’, ‘அன்லிமிட்டட் மாக் டெஸ்ட்’ என்று எண்ணிக்கையைச் சொல்லித்தான் கோர்ஸ்கள் விற்பனையாகின்றன. அந்தக் கேள்விகள் எப்போது எழுதப்பட்டன, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன என்பது பெரும்பாலும் கண்ணில் படும்படி இருப்பதில்லை. அந்தத் தேதி ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

ஒரு கேள்வி எப்படிக் காலாவதி ஆகிறது?

நான்கு வழிகளில்.

முதலாவது, உண்மை மாறுவது. மாநகராட்சி, மாவட்டம், ராம்சார் எண்ணிக்கை எல்லாம் இந்த வகை. 2019 தொடக்கம் வரை 32 ஆக இருந்த தமிழக மாவட்டங்கள், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்ததும் 38 ஆயின. சட்டக் கேள்விகளும் அப்படியே. கொலைக் குற்றத்துக்கான தண்டனைப் பிரிவு எது என்றால் பல தலைமுறைகளுக்குத் தெரிந்த விடை 302. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அந்தப் பிரிவின் எண் 103. மோசடிக்குப் பேர்போன 420 இப்போது 318.

இரண்டாவது, பாடத்திட்டமோ பாடப்புத்தகமோ மாறுவது. தமிழ்நாட்டு மாணவர்கள் இதை ‘ஓல்டு புக், நியூ புக்’ என்று சொல்வார்கள். 2018-19-ல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அதற்கடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு வந்தன. இந்த மாற்றத்துக்கு முன்பு எழுதப்பட்ட கேள்விகள் இன்னும் பல கேள்வி வங்கிகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாவது, தேர்வின் வடிவம் மாறுவது. கேள்வியும் விடையும் சரியாகவே இருக்கும். ஆனால் எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம், சாய்ஸ் உண்டா என்பது மாறியிருக்கும்.

நான்காவது, ஆன்சர் கீ மாறுவது. தேர்வு நடத்தும் அமைப்புகள் முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடுகின்றன. ஆட்சேபணைகள் வந்த பிறகு நிபுணர்கள் பார்த்து இறுதி விடையை முடிவு செய்கிறார்கள். தற்காலிக கீயை மட்டும் டவுன்லோடு செய்து ‘முந்தைய ஆண்டு வினாத்தாள்’ என்று போட்டுவிட்டு, இறுதிக் கீயைத் திரும்பிப் பார்க்காத செட்டில் அந்தப் பழைய பிழை அப்படியே தங்கிவிடும்.

இந்த நான்கில் முதல் வகை கண்ணுக்குத் தெரியும். மற்ற மூன்றும் தெரியாது. அதனால்தான் அவை ஆபத்தானவை.

ஒரே ஒரு வரி, 4.2 லட்சம் பேர்

பழைய பதிப்பை நம்பிப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் நீட் 2024.

அந்த ஆண்டு மே 5-ம் தேதி நடந்த தேர்வில் அணுக்களைப் பற்றி ஓர் இயற்பியல் கேள்வி வந்தது. இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, எது சரி என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவது கூற்றின் சாரம், ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை வெளியிடும் என்பது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் ‘ஒவ்வொரு தனிமத்தின்’ என்பது ‘பெரும்பாலான தனிமங்களின்’ என்று மாறியிருந்தது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் தானாகச் சிதையும் என்பதால், புதிய வரிதான் அறிவியல்படி சரி.

பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் இரண்டு கூற்றும் சரி என்றார்கள். புதியதைப் படித்தவர்கள் முதல் கூற்று மட்டும் சரி என்றார்கள். தேசிய தேர்வு முகமை இரண்டு விடைக்குமே மதிப்பெண் கொடுத்தது. பழைய பதிப்பின் விடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் 4.2 லட்சத்துக்கும் மேல்.

விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சரியான விடை எது என்று சொல்ல மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவை அமைக்கும்படி டெல்லி ஐஐடி இயக்குநரை நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. ஒரு விடைதான் சரி, அது புதிய பதிப்பின்படியானது என்று குழு சொன்னது. 2024 ஜூலை 23-ல் அதன்படி முடிவைத் திருத்த உத்தரவானது.

பழைய விடையைத் தொட்டவர்களுக்குக் கிடைத்திருந்த 4 மதிப்பெண் போனது. தவறான விடைக்கான மைனஸ் 1 சேர்ந்தது. ஆக மொத்தம் 5 மதிப்பெண் இழப்பு. 720-க்கு 720 வாங்கியிருந்தவர்களில் 44 பேர் இந்தக் கேள்வியால் அந்த இடத்தை இழந்தார்கள். ஜூலை 26-ல் வந்த திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 17 பேர் மட்டுமே.

இந்த 4.2 லட்சம் பேரும் படிக்காதவர்கள் அல்ல. படித்ததை நினைவில் வைத்து, அதன்படி விடை எழுதியவர்கள். அவர்கள் கையில் இருந்த பதிப்புதான் பழையது. ஒரு புத்தகத்திலாவது முதல் பக்கத்தைத் திருப்பினால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று இருக்கும். ஆப்பில் வரும் கேள்வியில் அது எங்கே இருக்கிறது?

மார்க் உயர்ந்தது நீங்களா, பேட்டர்னா?

அதே நீட் தேர்வின் வடிவத்தையும் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும்.

2020 வரை 180 கேள்விகள், 180 நிமிடங்கள். 2021-ல் சாய்ஸ் வந்தது. மொத்தம் 200 கேள்விகள், அதில் 180-க்கு விடை எழுதினால் போதும். 2022-ல் நேரமும் 200 நிமிடங்களாகக் கூடியது. 2025-ல் மீண்டும் பழையபடி 180 கேள்விகள், 180 நிமிடங்கள். சாய்ஸ் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையிலான வடிவத்தில் ஒரு விடைக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 67 விநாடிகள் கிடைக்கும். 2025 வடிவத்தில் 60 விநாடிகள்தான். அதோடு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் கடினமான 5 கேள்விகளை விட்டுவிடும் வசதி முன்பு இருந்தது. மொத்தம் 20 கேள்விகள், 80 மதிப்பெண்கள். இப்போது அந்த 20 கேள்வி ஒதுக்கீடு இல்லை.

அதனால் 2023-ல் தயாரான மாக் டெஸ்ட்டில் 600 வாங்கும் மாணவரும், 2025 வடிவ டெஸ்ட்டில் 600 வாங்கும் மாணவரும் ஒன்றல்ல. 2024-ல் 17 பேர் 720 வாங்கிய தேர்வில், 2025-ல் நாட்டிலேயே அதிகபட்ச மதிப்பெண் 686. வினாத்தாளின் கடினமும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் பழைய செட்டில் வாங்கிய மார்க்கை வைத்து ‘இந்த ஸ்கோருக்கு இந்தக் கல்லூரி கிடைக்கும்’ என்று வீட்டில் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சிலபஸிலும் இதே கதை. 2024 நீட் தேர்வுக்கான பாடத்திட்டத்தில் இருந்து திட நிலைமை, பாலிமர் உள்ளிட்ட சில வேதியியல் பகுதிகள் நீக்கப்பட்டன. ஆனால் தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பிளஸ் டூ வேதியியலில் திட நிலைமை ஒரு முழுப் பாடம். ஆகவே காரைக்குடியில் ஸ்டேட் போர்டில் படித்துக்கொண்டே நீட் எழுதும் மாணவருக்கு அந்தப் பாடம் பொதுத்தேர்வுக்கு வேண்டும், நீட்டுக்கு வேண்டாம். எந்தத் தேர்வுக்கு எந்தக் கேள்வி என்று பிரித்துக் காட்டாத செட், அவருடைய நேரத்தைத்தான் தின்னும்.

குரூப் 4-ல் என்ன மாறியது?

தென் மாவட்டங்களில் அதிகம் பேர் எழுதும் தேர்வு குரூப் 4. 2025 ஜூலை 12-ல் நடந்த தேர்வுக்குச் சுமார் 13.9 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். சுமார் 11.5 லட்சம் பேர் எழுதினார்கள். அறிவிப்பில் சொல்லப்பட்ட இடங்கள் 3,935. அதாவது ஏறக்குறைய 290 பேருக்கு ஓர் இடம். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள் என்பதால் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். இந்தப் போட்டியில் ஒரு கேள்வி என்பது ரேங்கில் எவ்வளவு தூரம் தள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தேர்வில் சில ஆண்டுகளுக்குள் மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

ஒன்று, மொழிப் பகுதி. முன்பு பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 ஜூலையில் நடந்த தேர்வு முதல் தமிழ் கட்டாயம். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதி திருத்தப்படவே மாட்டாது.

இரண்டு, தமிழ்ப் பாடத்திட்டம். இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த்தொண்டும் என்று மூன்று பகுதிகளாக இருந்தது முன்பு. 2025 தேர்வுக்கு அது அலகு அலகாகப் பிரிக்கப்பட்டது. இலக்கணம் 25 கேள்விகள், சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் சேர்த்து 15. பழைய டெஸ்ட் பேட்ச்சில் ‘இந்த நூலை எழுதியவர் யார்’, ‘இந்த அடைமொழி யாருக்கு’ என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி எடுத்தவருக்கு, புதிய தாளில் அந்தப் பகுதியின் எடை குறைந்துவிட்டது. அவர் போட்ட உழைப்பு வீண் அல்ல. ஆனால் உழைப்பை எங்கே போட வேண்டும் என்பது மாறிவிட்டது. 2025 தேர்வு முடிந்ததும் தமிழ்ப் பகுதி கடினமாக இருந்தது, பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து கேள்விகள் வந்தன என்று தேர்வர்கள் பலர் குறை சொன்னதும் நினைவிருக்கும்.

மூன்று, விடைத்தாள். 2019 செப்டம்பர் 1-ல் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு வெளியே வந்த பிறகு, 2020-ல் தேர்வாணையம் சில சீர்திருத்தங்களை அறிவித்தது. அதில் ஒன்று ஐந்தாவது வட்டம். விடை தெரியாவிட்டால் காலியாக விடக் கூடாது, ‘இ’ என்ற வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். எந்த எழுத்தில் எத்தனை வட்டம் நிரப்பினீர்கள் என்று எண்ணியும் குறிக்க வேண்டும். தவறினால் மதிப்பெண் குறையும்.

இங்கே ஆப்பின் ‘ஸ்கிப்’ பட்டன் ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. போனில் 50 டெஸ்ட் எழுதி, தெரியாததை எல்லாம் ஸ்கிப் செய்து பழகியவருக்கு, ஹாலில் 200 வட்டங்களை நிரப்பி, கடைசியில் எண்ணிக் குறிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றே தெரியாது. குரூப் 4-ல் நெகட்டிவ் மார்க் இல்லை என்பதால், ஸ்கிப் செய்வதே லாபமில்லாத பழக்கம்.

குரூப் 2 தேர்வும் இதற்கு விதிவிலக்கல்ல. 2019 செப்டம்பரில் அதன் முதல்நிலைத் தேர்வில் இருந்து மொழிப் பகுதி நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு கிளம்பியது. 2022 மே மாதம் நடந்த தேர்வில் மொழிப் பகுதி மீண்டும் இருந்தது. இடையில் தயாரான செட்டுகளை வாங்கியவர்கள் பாதித் தேர்வுக்குத்தான் பயிற்சி எடுத்திருப்பார்கள்.

தப்பான விடை மனதில் ஒட்டிக்கொள்ளுமா?

‘ஒரு கேள்வி தப்பாக இருந்தால் என்ன, பரீட்சைக்கு முன்னாடி சரி பண்ணிக்கலாம்’ என்று தோன்றலாம். அது அவ்வளவு எளிதில்லை என்கிறது ஆராய்ச்சி.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களும், வாசித்துவிட்டு டெஸ்ட் எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னிலை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது டெஸ்ட் எழுதியவர்கள் முன்னிலை. மாக் டெஸ்ட் ஏன் பலன் தருகிறது என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் ஆய்வு இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, கொள்குறி வகைத் தேர்வில் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு அதையே உண்மை என நினைவில் வைத்துக்கொள்ளும் போக்கைச் சுட்டிக்காட்டியது. 2008-ல் ஆண்ட்ரூ பட்லரும் ரோடிகரும் செய்த ஆய்வில், டெஸ்ட் முடிந்ததும் சரியான விடையைச் சொல்லிவிட்டால் இந்தப் பாதிப்பு குறைகிறது என்று தெரிந்தது.

இப்போது இதை ஆப்புக்குப் பொருத்திப் பாருங்கள். பாதிப்பைக் குறைக்கும் மருந்து, ‘சரியான விடை இது’ என்று உடனே சொல்வது. அந்த மருந்தே காலாவதி ஆகியிருந்தால்? மாணவர் சரியாகச் சொன்ன விடையைத் தப்பு என்று சொல்லி, தப்பை மனதில் பதிய வைக்கிறது. டெஸ்ட் எழுதினால் நன்றாக நினைவில் நிற்கும் என்ற அதே காரணத்தால், பழைய கீயும் நன்றாகவே நினைவில் நிற்கும்.

சரி, ஆப்களால் ஏன் உடனே திருத்த முடிவதில்லை?

பார்க்க எளிதான வேலை மாதிரி தெரியும். ‘21’ என்பதை ‘25’ ஆக்க வேண்டும், அவ்வளவுதானே? இல்லை.

காரைக்குடி மாநகராட்சி ஆனதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எத்தனை மாநகராட்சிகள்’ என்ற நேரடிக் கேள்வியைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். ‘பின்வருவனவற்றுள் மாநகராட்சி அல்லாதது எது?’ என்ற கேள்வியில் மதுரை, திருச்சி, சேலம், காரைக்குடி என்று கொடுத்து விடை காரைக்குடி எனப் போட்டிருந்தால்? இப்போது அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. பொருத்துக வகையில் ஒரு வரியாக வந்திருந்தால்? கூற்று-காரணம் வகையில் நடுவில் ஒளிந்திருந்தால்? ஒரு அரசாணை வந்தால் கேள்வி வங்கியில் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது, கேள்விகள் எப்படி அடையாளமிடப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பாடம், தலைப்பு, கடினம் என்று டேக் போட்டால் போதாது. எந்தத் தேதி நிலவரம், எந்த ஆதாரம் என்ற டேகும் வேண்டும். அதைப் போட ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். விளம்பரத்தில் ‘10,000 கேள்விகள்’ எடுபடும். ‘சரிபார்த்த 3,000 கேள்விகள்’ அந்த அளவுக்கு எடுபடாது.

இன்னொரு பக்கம், திருத்தினாலும் சத்தமில்லாமல் திருத்துவது. அச்சுப் புத்தகத்தில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பு வரும், பழையதும் கையில் இருக்கும். ஆப்பில் நேற்று ‘21’ என்று இருந்த விடை இன்று காலை ‘25’ ஆகிவிடும். ஏற்கெனவே டெஸ்ட் எழுதி ‘21’ என்று மனப்பாடம் செய்தவருக்கு எந்தத் தகவலும் போகாது. செட்டில் இருந்த கேள்விகளையே மாற்றிவிட்டால், போன மாதம் வாங்கிய 142-ம் இந்த மாதம் வாங்கிய 156-ம் ஒரே அளவுகோல் இல்லை. வரைபடம் மட்டும் ‘நீங்கள் முன்னேறிவிட்டீர்கள்’ என்று மேலே ஏறிக் காட்டும்.

திருத்தாமல் விடுவது ஒரு தவறு என்றால், சொல்லாமல் திருத்துவது இன்னொரு தவறு. மாற்றம் வேண்டும். அதோடு மாற்றியதைச் சொல்லவும் வேண்டும்.

அப்போ பழைய கேள்வி எல்லாம் குப்பையா?

நிச்சயமாக இல்லை. மீ.பெ.வ., மீ.சி.ம., தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும் போன்றவற்றுக்குக் காலாவதி கிடையாது. குரூப் 4-ல் திறனறிவுக்கு உள்ள 25 கேள்விகளுக்கு 2014 வினாத்தாளும் நல்ல பயிற்சிதான். புணர்ச்சி விதியும் மாறாது, குறளின் அதிகாரமும் மாறாது. தேர்வாணையம் எப்படிக் கேட்கும், எங்கே குழப்பும் என்று பழகவும் பழைய வினாத்தாள்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

கவனம் வேண்டியது எண்ணிக்கை, பதவி, திட்டம், சட்டப்பிரிவு, பாடநூல் வரி ஆகிய இடங்களில். சில கேள்விகளில் ஒரே ஆண்டுக்கே இரண்டு விடை இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தற்காலிக முடிவில் தமிழ்நாட்டின் பாலின விகிதம் 995, எழுத்தறிவு 80.33 சதவீதம். இறுதி முடிவில் 996, 80.09 சதவீதம். இரண்டு ஜோடி எண்களும் இணையத்தில் கிடைக்கும். இறுதி முடிவுதான் சரி. அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16-ல் வந்துவிட்டது. குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் முடிவுகள் வரும் நாளில், மக்கள்தொகை பற்றிய பயிற்சிக் கேள்விகள் எல்லாமே ஒரே நேரத்தில் பழையதாகிவிடும். இப்போதே தேதி போட்டு வைக்காத கேள்வி வங்கிக்கு அன்று பெரிய வேலை காத்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. பணம் கட்டும் முன்பு, இலவச டெஸ்ட் ஒன்றை எழுதிப் பாருங்கள். அதில் மாநகராட்சி, ராம்சார், புதிய குற்றவியல் சட்டங்கள் போன்ற மாறும் தகவல்களைத் தேடுங்கள். இந்த மூன்றும் அப்டேட் ஆகியிருந்தால், யாரோ கவனிக்கிறார்கள் என்று அர்த்தம்.

2. விளக்கத்தில் ஆதாரம் இருக்கிறதா? ‘விடை: சி’ என்பது விளக்கம் அல்ல. எந்த வகுப்பு, எந்தப் பாடநூல், எந்த அரசாணை என்று இருக்க வேண்டும்.

3. மாக் டெஸ்ட்டின் கேள்வி எண்ணிக்கை, நேரம், பகுதிகளின் எடை ஆகியவற்றைத் தேர்வின் புதிய அறிவிப்போடு ஒப்பிடுங்கள். பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே பார்க்கலாம். பத்து நிமிட வேலை.

4. சந்தேகமான கேள்வியை ரிப்போர்ட் செய்யுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் சொல்லும் வேகம் அந்த கோர்ஸின் தரத்தைச் சொல்லிவிடும்.

5. உங்கள் நோட்டில் எண்களை எழுதும்போது பக்கத்திலேயே மாதமும் ஆண்டும் எழுதுங்கள். ‘ராம்சார் 20’ என்று எழுதாமல் ‘ராம்சார் 20, பிப்ரவரி 2025’ என்று எழுதினால், ரிவிஷன் செய்யும்போது எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தானாகத் தெரியும்.

6. மாதம் ஒரு டெஸ்ட்டையாவது அச்சிட்ட ஓஎம்ஆர் தாளில், பேனாவோடு எழுதுங்கள். ஐந்தாவது வட்டத்தையும் எண்ணிக்கைக் கட்டங்களையும் நிரப்பிப் பழகுங்கள்.

7. பணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசப் பயிற்சி நடக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் மெய்நிகர் கற்றல் தளத்திலும், அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரியின் யூடியூப் சேனலிலும் பாடங்கள் உண்டு. அங்கேயும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கட்டிய பணத்துக்கு உரிமை உண்டா?

உண்டு. காசு கொடுத்து வாங்கும் கோர்ஸ் ஒரு சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேவைக் குறைபாட்டுக்கும் பொருந்தும். பயிற்சித் துறையில் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கேள்வி பழையதாக இருக்கிறது என்பது மட்டுமே பெரும்பாலும் புகாராக நிற்காது. ‘புதிய பாடத்திட்டப்படி முழுமையாக அப்டேட் செய்யப்பட்டது’ என்று சொல்லி விற்றுவிட்டு, பழைய செட்டைக் கொடுத்தால் கதை வேறு. அங்கே சொன்ன வாக்குக்கும் கொடுத்த பொருளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதனால் பணம் கட்டும் நாளிலேயே அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தேதி போடுங்கள், அது போதும்

மாணவர்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் சின்ன எழுத்தில் மூன்று தகவல்கள். கடைசியாகச் சரிபார்த்த தேதி, ஆதாரம், விடை மாறியிருந்தால் எப்போது மாறியது. அந்தக் கேள்வியை ஏற்கெனவே எழுதியவர்களுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன். ஆஃபர் முடியப் போகிறது என்று தினம் நான்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பத் தெரிந்த ஆப்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

கணக்கு எழுதுவதற்குப் பேர்போன செட்டிநாட்டில், தேதி இல்லாத வரவைப் பேரேட்டில் ஏற்ற மாட்டார்கள். பயிற்சிக் கேள்விக்கும் அதே கண்டிப்பு வேண்டும். ஆப் போடவில்லை என்றால், இப்போதைக்கு நீங்களே உங்கள் நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாநகராட்சிகள் 25, ஆகஸ்ட் 2024.